கூப்பிட்டுவிட்டு வழியனுப்பாத பாட்டு

1

எங்கள் கல்யாண நாளுக்கு என் மகன் தினேஷ் ஒரு சிடி பாட்டுத் தட்டு வாங்கி வந்தான். ஊரில் இருக்கிற நீங்கள் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். இங்கே பாரீசிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தட்டு ஓர் அமெரிக்கக் கிதார்க் கிழவருடையது. புளூஸ் என்று ஒரு வகைப் பாட்டு இருக்கிறது. பாதி பாட்டு, பாதி ஒப்பாரி. அதில் அவர் பெரிய கை. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் தேடிப்போய்க் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கும்.

எட்டாவது வரை படித்துவிட்டுத் திண்டிவனத்தில் வேன் ஓட்டியவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் நாங்கள் இருக்கிற அடுக்குமாடி வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். முதியோர் இல்லத்துச் சமையல்கூடத்தில் நின்று கால் வீங்கி நான் வீடு திரும்பினால், அடுத்த அறையில் மகன் அந்தக் கிழவரைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்தது. இப்போது வேலைக்குப் போகிறான், இன்னும் விடவில்லை. விரும்பிக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன்.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பழைய தட்டுகள் மோசமில்லை. ஒரு கம்பியை இழுப்பார், விடுவார், பிறகு சும்மா இருப்பார். கேட்டவன் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிற மனுஷன் மாதிரி இருக்கும். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். இந்தத் தட்டில் அந்த மரியாதைதான் இல்லை.

என் மகனுக்கு அந்தக் கிழவருடைய கிதார் எந்த வருடம் எந்தக் கடையில் வாங்கியது என்று தெரியும். எங்கள் குலதெய்வம் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாது. அது அவன் தப்பு மட்டும் இல்லை, விடுங்கள்.

2

அந்தக் கிழவரை நான் வேனில் ஏற்றியிருக்கிறேன். மகனுக்கு அவர் மேல் அவ்வளவு பைத்தியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் பிரான்சு வருவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு மாசி மாதம். திண்டிவனத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் இருந்து சவாரி. அப்போதே அவருக்குத் தலை வெளுத்துவிட்டது. கூடவே ஒலிப்பதிவுக்காரர் ஒருத்தர், மொழி சொல்லப் புதுச்சேரியில் இருந்து ஒரு தம்பி. விழுப்புரத்தைத் தாண்டிக் கெடார்ப் பக்கம் என் மனைவி அஞ்சலையின் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. அதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார். அங்காளம்மன் முன்னால் பம்பை அடித்துப் பாடிய என் மச்சான் ஏழுமலையை விட்டு அவர் கண் நகரவில்லை. ஏழுமலை அஞ்சலைக்குத் தம்பி. அப்போதுதான் மீசை கறுக்கிற வயது.

திருவிழாவில் நாலு பக்கமும் ஸ்பீக்கர், ஜெனரேட்டர் சத்தம். ஒலிப்பதிவு ஆகாது என்று மறுநாள் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம் எடுத்தார்கள். பம்பை செட்டை நான்தான் விழுப்புரம் வழியாக ஏற்றிக்கொண்டு போனேன். விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி ரயில் சத்தத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்பைக்காரர் பாடுகிற வர்ணிப்பு வேடிக்கைப் பாட்டு இல்லை. அது அழைப்பு. அம்மனை ஊர் ஊராக, எல்லை எல்லையாக, கையைப் பிடித்துக் கூட்டிவருவதுபோல் பாடுவார்கள். யார் மேலாவது அருள் வந்து இறங்கும். வந்தவளை உட்காரவைத்து, குறை கேட்டு, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் கொடுத்து, திரும்பவும் பாடித்தான் மலையேற்ற வேண்டும். அனுப்பாமல் விட்டால் வந்து இறங்கிய உடம்பைத்தான் அது வாட்டும். கூப்பிடத் தெரிந்தவனுக்கு அனுப்பவும் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்; சோறு தின்பது போல எல்லாருக்கும் தெரியும்.

மண்டபத்தில் ஏழுமலை முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

"சார், ஆரம்பிச்சா முழுசாதான் பாடுவேன். பாதியில நிறுத்துன்னு சொன்னீங்கன்னா பம்பைய எடுத்துக்கினு பஸ் ஏறிடுவேன்."

மொழி சொல்லும் தம்பி அதைச் சொன்னார். கிழவர் தலையாட்டினார். ஏழுமலை அழைத்தான், பாடினான், மலையேற்றினான். மலையேற்றுகிற நேரம் முழுக்க அந்தக் கிழவர் கிதாரைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து இருந்தார். கதவோரம் நின்று நான் கண்ணால் பார்த்தேன். நல்ல மனுஷன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதனால் தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். காசு கொடுக்கவில்லை, பெயர் போடவில்லை என்பதும் என் சண்டை இல்லை. பேசிய காசைக் கொடுத்தார். அட்டையில் ஏழுமலை பெயரும் இருக்கிறது, படமும் இருக்கிறது. அதெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவருக்கு மற்றது எப்படி மறந்துபோகும்?

3

கிழவருடைய மற்றத் தட்டெல்லாம் போனில் தேடினால் கிடைக்கிறது. இது மட்டும் இல்லை. விற்காத தட்டு. தினேஷ் எத்தனையோ பழைய கடைகளில் அலைந்து கண்டுபிடித்து, போட்டுக் கேட்கப் பழைய பெட்டி ஒன்றும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் எங்களைச் சோபாவில் உட்காரவைத்தான். அஞ்சலை வாரம் முழுக்க ஆபீஸ்களில் தரை துடைப்பவள். ஞாயிறு மதியம் அவளுக்குத் தூக்கம்தான் பரிசு. பிள்ளை ஆசையாக வாங்கி வந்தானே என்று கண்ணை விழித்துக்கொண்டு இருந்தாள்.

முதல் பாட்டின் பெயர் விழுப்புரம் ஜங்ஷன். ரயில் சத்தத்தின் மேல் கிதார். நம் ஊர் ஸ்டேஷனில் வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று சொல்கிற அம்மா இதைவிட ராகமாகச் சொல்வார். இரண்டாவது, திண்டிவனத்து மழை. அவர் வந்தது மாசி. திண்டிவனத்தில் அப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நின்றார்கள். எந்த மழையைப் பார்த்தார்? மூன்றும் நான்கும் அவர் ஊரிலேயே போட்டவை. அவற்றுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, பழைய பாட்டையே சூடு பண்ணிக் கொடுத்த மாதிரி இருந்தது. சமையல்கூடத்தில் வேலை செய்கிறவன் நான். சூடு பண்ணியது எது, புதிதாகச் செய்தது எது என்று எனக்குத் தெரியும்.

"அப்பா, அடுத்தது மாமா பாட்டு. பேசாம கேளுங்க" என்றான் தினேஷ்.

பம்பை ஆரம்பித்தது. எனக்கே முதுகு நிமிர்ந்தது. பிறகு ஏழுமலையின் இளவயதுக் குரல், தொண்டை உடைய, எல்லை எல்லையாகக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. நான் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலைமுடி அவிழ்ந்திருந்தது. கை விரல்கள் முழங்கால் மேல் துடித்துக்கொண்டிருந்தன.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாசிக்கு மாசி அவள் மேல் அம்மன் வரும். இங்கே வந்த பிறகு ஒருதரம்கூட வரவில்லை. "கடலத் தாண்டினா அவ வர மாட்டா போலருக்குது" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

குரல் உச்சத்துக்குப் போனது. வந்துவிட்டாள் என்று பம்பைக்காரன் அடிக்கிற அடி ஒன்று இருக்கிறது. அந்த அடி விழுந்தது. அஞ்சலை எழுந்தாள். அந்த நொடியில், சொல்லி வைத்த மாதிரி, ஏழுமலையின் குரல் தேய்ந்து மறைந்தது; கிழவருடைய கிதார் உள்ளே வந்து உட்கார்ந்தது.

"இங்கதான் அப்பா! இதுதான் சோலோ!" என்றான் மகன். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். அம்மா எழுந்து ஆடுவது அவனுக்குத் தெரியவில்லை.

கிதார் அழுதது, முனகியது, ஓய்ந்தது. அடுத்த பாட்டு வந்துவிட்டது. மலையேற்றம் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் பாய்ந்து பெட்டியை நிறுத்தினேன்.

4

"யாருடா என்னய கூப்ட்டது?"

அது அஞ்சலையின் குரல் இல்லை. தினேஷ் கண்ணைத் திறந்தான். அவன் இதைப் பார்த்ததே இல்லை.

"கூப்ட்டவன் எங்கடா? எதுக்குடா நிறுத்திட்டான்? நடுவழியில நிக்கிறேன்டா! வர்றதா, போறதா?"

நான் கைகூப்பி, "அம்மா, பொறுத்துக்கம்மா, தெரியாம ஆயிடுச்சும்மா" என்றேன். எலுமிச்சம்பழம் எடுக்கச் சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் மகன் போனில் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தான்.

"வைடா போன! இது நோவு இல்லடா!" என்றேன்.

"அம்மாவுக்கு மூச்சு சரியா இல்ல! நீங்க எலுமிச்சம்பழம் தேடுறீங்க!" என்றான். அழுதுவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நாட்டில் உடம்பு சரியில்லை என்றால் முதலில் வருவது தீயணைப்புக்காரர்கள். நான் பூசைத் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தேடுகிற நேரத்தில் மணி அடித்தது. மூன்று பேர், பூட்சுக் காலோடு. தலைமையாக வந்தது ஒரு பெண். அவள் முதலில் பார்த்தது என் கையைத்தான். நெருப்பு கூடாது என்றாள். பையில் ஆக்ஸிஜன் இருக்கிறதாம். பழம் அறுக்க நான் கொண்டுவந்த கத்தியையும் எடுத்து அப்பால் வைத்துவிட்டாள். என் கையில் முழு எலுமிச்சம்பழம் மட்டும் மிச்சம்.

பிறகு கேள்விகள். என் பிரெஞ்சு சமையல்கூடத்துப் பிரெஞ்சு. வெங்காயம், வாணலி, சீக்கிரம், சூடு, இதற்குமேல் நீளாது.

இது முன்பு வந்திருக்கிறதா என்று கேட்டாள். வருடத்துக்கு ஒருமுறை என்றேன். எழுதிக்கொண்டாள். எந்தக் காலத்தில்? மாசியில் என்று சொல்லத் தெரியாமல் குளிர் முடிகிற நேரம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். மருந்து? எலுமிச்சம்பழத்தைக் காட்டினேன். இப்போது என்ன நடக்கிறது என்றாள். எனக்குத் தெரிந்த வார்த்தைகளைக் கூட்டி, "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், இப்போது போய்விடுவார்" என்றேன். கூட வந்த ஒருவர் எழுந்துபோய் உள்ளறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார்.

தினேஷ் என்னைத் தள்ளிவிட்டு அவளிடம் வேகமாகப் பேசினான். பேசியதில் ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. முதியோர் இல்லத்தில் புத்தி கலங்கியவர்களைச் சொல்கிற வார்த்தை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். நாற்காலிப் படுக்கையை விரித்தார்கள்.

அம்மன் இறங்கிய உடம்பை அப்படியே கட்டிக்கொண்டு போய், ஊசி போட்டுப் படுக்கவைத்தால் என் அஞ்சலை திரும்பி வருவாளா? வந்தாலும் எந்தப் பெயரை எழுதி அனுப்புவார்கள்? புத்தி சரியில்லாதவள் என்று ஒரு தாள் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் இங்கே தங்குகிற கார்டைப் புதுப்பிக்கிற இடத்தில் ஆயிரம் கேள்வி. அதைவிட, அவள் தன்னையே அப்படி நினைத்துக்கொள்வாள். ஏழுமலைக்கு வீடியோ போட்டேன்.

"சொல்லுங்க மாமா. இன்னா இந்நேரத்துல? கொல்லையில இருக்கேன், மல்லாட்டைக்கு மருந்தடிச்சிக்கினு."

"மச்சான், உங்க அக்கா மேல அம்மா வந்துட்டா. உன் பாட்டு. திண்டிவனத்துல பாடினியே, அதுல மலையேத்துறத வெட்டிட்டான்டா அந்தக் கெழவன். ஆஸ்பத்திரிக்காரங்க வந்து நிக்கிறாங்க. பாடு."

"ஐயோ மாமா, பம்பை ஊட்ல இருக்குதே!"

"ஜல்தி பாடுடா!"

கடலைச் செடி நடுவில் நின்று அவன் முதுகில் இருந்த மருந்து டேங்கைக் கழற்றுவது தெரிந்தது. மிச்ச மருந்தைக் கவிழ்த்துக் கொட்டினான். டேங்கை முழங்கால் நடுவில் வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான்.

அஞ்சலை திரும்பினாள். தீயணைப்புக்காரர்கள் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஏழுமலை முதலில் மன்னிப்புக் கேட்டுப் பாடினான், பிறகு குறை கேட்டான். அவள் போனைப் பார்க்கவில்லை. தினேஷைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள யாருடா? எந்த எல்லையில பொறந்துது?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பெற்ற தாயின் வாய் அவனை யார் என்று கேட்கிறது.

"உன் புள்ளதாம்மான்னு சொல்லு" என்றேன்.

"உன்... உங்க புள்ளதான் அம்மா."

"எனக்கு தீவம் காட்ட மாட்டானா?"

கற்பூரம் என் தட்டில் குளிர்ந்து கிடக்கிறது. நெருப்பு கூடாது. அவனுக்கு என்ன தோன்றியதோ, தன் போனில் இருக்கிற டார்ச் வெளிச்சத்தைப் போட்டான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல், இடமாகவும் வலமாகவும் அவள் முகத்துக்கு முன்னால் சுற்றினான். வேறு நாளாக இருந்தால் அறைந்திருப்பேன். அவள் அந்த வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் எலுமிச்சம்பழத்தை அவள் காலடியில் வைத்தேன். மிதித்து நசுக்கினாள். அங்கே டேங்கில் அடி வேகமாகி, "மனங்குளுந்து மலையேறு தாயே" என்று ஏழுமலை குரல் கொடுக்க, அஞ்சலை அப்படியே என் தோளில் சாய்ந்தாள்.

கண் விழித்ததும் பூட்சுக் கால்களைப் பார்த்தாள்.

"யாருங்க இவங்கள்லாம்? ஏங்க, காப்பி எதுனா குடுத்தீங்களா?"

5

அந்தப் பெண் அதிகாரி நாடி பார்த்தாள், விரலில் எதையோ மாட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறோம் என்று எழுதி அஞ்சலையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது அந்தப் பெண் போனில் இருந்த ஏழுமலைக்குக் கை காட்டினாள். அவனும் காட்டினான்.

"மாமா, எனக்கும் அந்தத் தட்டு ஒண்ணு அனுப்பினாங்க. ஊட்ல பெட்டி ஏது? வெயில்ல மின்னினா மயிலு வராதுன்னு கொல்லையில கட்டி வுட்டேன்."

"மயிலு வராம இருந்துச்சா?"

"வந்துக்கினுதான் இருந்துச்சு."

அந்தத் தட்டைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டதில் நேர்மையான அபிப்பிராயம் அதுதான்.

மகன் வேறு மாதிரி சொல்கிறான். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டான். புளூஸ் என்றால் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் விடுவதுதானாம், கிழவர் வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தினாராம், அதுதான் கலையாம். "வேண்டுமென்றே" என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அதுதான் என் குற்றச்சாட்டே. பதில் சொல்லாமல் விட அவருடைய சொந்தத் துக்கங்கள் எத்தனையோ இருக்கும். அதில் விடட்டும். அடுத்தவன் தெய்வத்தை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் கிதாரை வாசிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? தலை குனிந்து உட்கார்ந்திருந்தாரே, அந்தத் தலைக்குள் எதுதான் ஏறியது?

அஞ்சலையிடம் கேட்டேன், பாட்டு எப்படி இருந்தது என்று. அவளுக்குக் கொஞ்சம்தான் நினைவிருந்தது.

"தம்பி நல்லாத்தான் பாடினான். நடுவுல யாரோ ஒரு கெழவரு அழுதாரே, ஏன்? அம்மா வர்ற நேரத்துல குலவ போடாம யாருனா அழுவாங்களா?"

தினேஷ் தட்டை எடுத்து அட்டைக்குள் சொருகினான்.

தட்டைக் குப்பையில் போடு என்றேன். அஞ்சலை வேண்டாம் என்றாள். அம்மாவைக் கூப்பிட்ட பொருளைக் குப்பையில் போடலாமா? எனக்கும் அது சரி என்று பட்டது. ஓடுகிற தண்ணீரில் விடலாம் என்று ஆற்றுக்குக் கிளம்பினேன். ஆற்றில் பிளாஸ்டிக் போட்டால் அபராதம் என்று மகன் வாசலை மறித்தான். ஊருக்கு அனுப்பலாமா என்று ஏழுமலையைக் கேட்டால், "இங்க கொல்லை அம்மா எல்லைக்குள்ள இருக்குது மாமா, மயிலுக்குக் கட்டினாலும் அவ பார்த்துக்குவா. அங்கிருந்து கடல் மேல, ஆகாசத்துல, அநாதையா அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியில் அஞ்சலையே அதை எடுத்துத் துடைத்து, மஞ்சள் வைத்து, பூசை அலமாரியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். அட்டையின் பின்பக்கம் தம்பி படம் இருக்கிறது, அதைத் திருப்பி வை என்று எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தேன். எழுத்து இருக்கிற பக்கம்தான் முன்பக்கம் என்கிறாள். முன்பக்கம் முழுக்க அந்தக் கிழவர்தான், கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

காலையில் வேலைக்குப் போகுமுன் குளித்து, திருநீறு பூசி, கற்பூரம் ஏற்றுகிறேன். அம்மனுக்குக் காட்டினால் பக்கத்தில் இருக்கிறவருக்குக் காட்டாமல் கற்பூரத் தட்டை இறக்க முடிகிறதா? அவருக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சமையல்கூடத்துக்குக் கிளம்புகிறேன்.